ஊருக்கும் உண்டு வரவு செலவு நோட்டு!



மாதம் பிறந்ததும் உங்கள் வீட்டில் அம்மாவோ அப்பாவோ நோட்டில் கணக்கு எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். பாலுக்கு இவ்வளவு, மளிகைக்கு இவ்வளவு, பள்ளி வேனுக்கு இவ்வளவு. கையில் பணம் குறைந்தால் புதுச் சட்டையை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிடுவார்கள். ஊருக்கும் இப்படி ஒரு நோட்டு உண்டு. அதைத்தான் நிதிநிலை அறிக்கை, அதாவது பட்ஜெட் என்கிறோம். ஆனால் குப்பை அள்ளுவதையோ தெருவிளக்கு எரிவதையோ ஊர் அடுத்த மாதத்துக்குத் தள்ள முடியுமா? முடியாது. அங்கே செலவு முதலில் வந்து நிற்கும். வரவைத்தான் தேட வேண்டும்.

நம் புதுக்கோட்டையையே எடுத்துக்கொள்வோம். மன்னர் ஆட்சி நடந்த காலத்திலேயே, 1912 இல் இங்கே நகராட்சி வந்துவிட்டது. அம்மன் காசு பற்றித் தாத்தா, பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். சின்னஞ்சிறு செப்புக்காசு. சமஸ்தானத்துக்குத் தன் காசைத் தானே அடித்துக்கொள்ளும் வசதி இருந்தது. நகராட்சிக்கு அது கிடையாது. பணம் வேண்டுமென்றால் மத்திய, மாநில அரசுகளிடம் கேட்க வேண்டும், அல்லது நம்மிடம் கேட்க வேண்டும். நம்மிடம் கேட்பதில் முக்கியமானதுதான் சொத்து வரி. பேச்சு வழக்கில் வீட்டு வரி.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகரில் 1,17,630 பேர் இருந்தார்கள். 42 வார்டுகள். 2022 பிப்ரவரியில் நடந்த தேர்தலில் வார்டுக்கு ஒருவராக உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். புது நிதியாண்டு ஏப்ரல் 1 அன்று பிறப்பதால், அதற்கு முன்பே மன்றம் கூடி பட்ஜெட்டுக்கு ஒப்புதல் தர வேண்டும். அதிகாரிகள் மதிப்பீடு தயாரிப்பார்கள். உறுப்பினர்கள் கேள்வி கேட்பார்கள். வரவு மிஞ்சினால் உபரி, செலவு மிஞ்சினால் பற்றாக்குறை.

இதில் ஒரு சுவையான செய்தி. தமிழ்நாட்டு நகராட்சிகளில் எல்லாப் பணத்தையும் ஒரே பையில் போடுவதில்லை. வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, ஆரம்பக் கல்வி நிதி என்று மூன்று பைகள். அந்தக் கல்விப் பைக்குப் போவது சொத்து வரியின் ஒரு பகுதிதான். அமெரிக்காவில்கூடப் பல ஊர்களின் பள்ளிகள் பெருமளவு சொத்து வரியை நம்பித்தான் நடக்கின்றன.

நான் பணியில் இருந்தபோது எட்டாம் வகுப்பில் ஒரு விளையாட்டு வைப்பேன். பிள்ளைகள்தான் மன்ற உறுப்பினர்கள். கரும்பலகையில் 100 ரூபாய் என்று எழுதுவேன். சம்பளம், ஓய்வூதியம், தண்ணீர் ஏற்றும் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் மின்கட்டணம் என்று கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் கொஞ்சம்தான் மிஞ்சும். அதற்குள் பூங்கா கேட்பான் ஒருவன், நீச்சல்குளம் கேட்பான் இன்னொருவன். "சரி, வரியைக் கூட்டலாமா?" என்றால் ஒரு கையும் உயராது. "அப்படியானால் தெருவிளக்கைக் குறைப்போம்" என்று ஒருநாள் ஒரு பையன் சொன்னான். உடனே கடைசி பெஞ்சில் இருந்து ஒரு பெண் எழுந்தாள். "எங்க தெருவுல லைட்டே இல்ல சார். எங்ககிட்ட எதைக் குறைப்பீங்க?" வகுப்பே அமைதியாகிவிட்டது. எனக்கும் பதில் வரவில்லை.

இப்போது 2022 க்கு வருவோம். சென்னை தவிர்த்த மற்ற நகரங்களில் அதற்கு முன் பொதுவான வரிச் சீராய்வு நடந்தது 2008 இல். இடையில் 2018 இல் வரியை உயர்த்தினார்கள். உள்ளாட்சித் தேர்தல் பேச்சு எழுந்த நேரத்தில், 2019 நவம்பரில், அதை நிறுத்திவைத்தார்கள். ஆக 14 ஆண்டுகள் போய்விட்டன. அந்த 14 ஆண்டுகளில் டீசல் விலை, சம்பளம், சிமென்ட் விலை எல்லாம் ஏறாமல் நின்றனவா?

2022 ஏப்ரலில் மாநில அரசு புது விகிதத்தை அறிவித்தது. சென்னைக்கு வெளியே உள்ள நகரங்களில் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 சதவீதம் உயர்வு. 1200 சதுர அடி வரை 50, 1800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். கடைகளுக்கும் 100 சதவீதம். அரையாண்டுக்கு 400 ரூபாய் கட்டிய சின்ன வீட்டுக்காரர் 500 கட்ட வேண்டும். 1000 கட்டிய கடைக்காரர் 2000 கட்ட வேண்டும்.

ஏன் இந்த அவசரம்? நகரங்களுக்கு மத்திய அரசு தரும் மானியத்துக்கு 15 ஆவது நிதிக்குழு ஒரு நிபந்தனை வைத்திருந்தது. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச அளவை அறிவிக்க வேண்டும், மாநிலப் பொருளாதாரம் வளரும் வேகத்துக்கு வரி வசூலும் வளர வேண்டும். இல்லாவிட்டால் மானியம் இல்லை. ஊர் ஊராக மன்றங்கள் கூடித் தீர்மானம் போட்டன. பல ஊர்களில் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். ஆட்சேபணை இருந்தால் எழுதித் தரலாம் என்று அறிவிப்பும் வந்தது. ஆனால் கவனித்தீர்களா? தீர்மானம் போட்டது ஊர் மன்றம். விகிதத்தை எழுதியதோ வேறு கை. நம் வார்டு உறுப்பினரைக் கோபித்துக்கொள்ளும் பெரியவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

சின்ன வீட்டுக்குக் குறைவாக ஏற்றியது சரி என்றே எனக்குப் படுகிறது. 14 ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டு ஒரே நாளில் இரட்டிப்பாக்கியதுதான் சரியில்லை. வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருந்தால் யாருக்கும் வலித்திருக்காது. கடைச் சொந்தக்காரர் கூடுதல் வரியை வாடகையில் ஏற்றிவிட்டால், சுமை போய்ச் சேருவது அங்கே வாடகைக்கு இருக்கும் தையல்காரர் தலையில் அல்லவா?

2024 ஆகஸ்டில் புதுக்கோட்டை மாநகராட்சி ஆனது. சுற்றியிருந்த சில ஊராட்சிகளும் அதில் சேர்ந்தன. இப்படிச் சேர்வதைத் தமிழ்நாட்டில் பல ஊராட்சி மக்கள் எதிர்த்தார்கள். வீட்டு வரி ஏறும் என்பது ஒரு பயம். அப்போது 100 நாள் வேலைத் திட்டம் கிராம ஊராட்சிகளுக்கு மட்டுமே என்பதால், அந்த வேலை போய்விடும் என்பது இன்னொரு பயம். 'மாநகராட்சி' என்ற பெயர்ப்பலகை பெருமைதான். ஆனால் வயல் வேலை இல்லாத நாளில் அந்தக் கூலியை நம்பியிருந்த பாட்டிக்கு, பெயர்ப்பலகை சோறு போடுமா? அவர்கள் கட்டப்போகும் வரிக்குச் சாலையும் விளக்கும் அவர்கள் தெருவரை வந்தால்தான் கணக்கு நேராகும்.

ஒரு சின்னக் கணக்கு. 2023 விதிகளின்படி, அரையாண்டின் முதல் 30 நாட்களுக்குள் வரியைக் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, 5,000 ரூபாய்க்கு மிகாமல். 800 சதுர அடி வீட்டுக்கு 2022 க்கு முன் அரையாண்டு வரி 600 ரூபாய் என்று வையுங்கள். 2022 உயர்வை மட்டும் சேர்த்து, ஏப்ரல் முடிவதற்குள் கட்டினால் எவ்வளவு கட்டுவார்கள்? போட்டுப் பார்த்துவிட்டு, வீட்டிலுள்ள வரி ரசீதையும் எடுத்துப் பாருங்கள்.

(விடை: 855 ரூபாய்)