உரிப்பொருளை மாற்றுவோம்

எழுத்து நடையை மாற்ற விரும்பும் பெண்களுக்குக் கவிதைப் பட்டறைகளில் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: வரியை உடை, நிறுத்தற்குறியை எடு, உரைநடையில் எழுதிப் பார். எல்லாம் செய்யலாம். ஆனால் உடைந்த வரியிலும் கடற்கரையில் ஒரு பெண் காத்துக்கொண்டுதான் இருக்கிறாள். அப்படியானால் மாறியது என்ன?

நம் இலக்கணம் நெய்தலுக்கு இரங்கலை உரிப்பொருளாக்கியது. தொழிலைக் கருப்பொருள் பட்டியலில் வைத்தது. சங்கப் பாடல்களில் மீன் காயவைத்துப் பறவை ஓட்டும் பெண்கள் உண்டு, உப்பு விற்கும் பெண்கள் உண்டு. அவர்கள் வேலை பின்னணி, ஏக்கமே பொருள். தொல்காப்பியம் படிக்காதவர்களும் இன்றுவரை இப்படித்தான் எழுதுகிறோம்.

பழவேற்காட்டைப் பாருங்கள். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. இங்கே இருளர் பெண்கள் நீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். இரண்டு கையும் வேலையில் இருப்பதால் பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொள்கிறார்கள். வாயும் வேலையில் இருக்கும்போது அவள் எங்கே புலம்புவது?

ஏரியில் யார், எந்த நாளில், எங்கே வலை கட்டுவது என்பதைப் 'பாடு' என்ற முறை தீர்மானிக்கிறது. பரம்பரையாக வரும் அந்த உரிமை பட்டினவர் ஆண்களுக்கு. இருளருக்கு இல்லை, எந்தச் சாதிப் பெண்ணுக்கும் இல்லை. பாடு என்றால் துன்பமும்தான்; அது மட்டும் அவளுக்குத் தாராளமாகக் கிடைக்கிறது. நாமோ பாடுவதை மட்டும் எடுத்துக்கொண்டு, அவள் கண்ணீரைப் பாடிவிட்டு ஊர் திரும்புகிறோம்.

தூத்துக்குடி உப்பளங்களை நேரில் பார்த்துக் 'கரிப்பு மணிகள்' எழுதினார் ராஜம் கிருஷ்ணன். 1992இல் வந்த 'கருக்கு' நூலில் தன் மக்களின் பேச்சையே எழுத்து மொழியாக்கினார் பாமா. பழைய நடை சலித்துப்போய் அவர்கள் இதைச் செய்யவில்லை. சொல்ல வந்தது அதில் அடங்கவில்லை.

"திணை நம் மரபாயிற்றே" என்பார்கள். திணை மயக்கத்தை ஏற்ற தொல்காப்பியமே உரிப்பொருளை மட்டும் மயங்கவிடவில்லை. நாம் கைவைக்க வேண்டிய இடம் அதுதான்.

ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். காத்திருப்பு, ஏக்கம், கண்ணீர் மூன்றும் வேண்டாம். அவள் எழுவாயாகட்டும், அவள் செய்யும் வேலை பயனிலையாகட்டும். இறாலின் எடை வரட்டும், விலை வரட்டும், வியாபாரியிடம் வாங்கிய கடனும் வரட்டும். கவிதை கெட்டுவிடும் என்று யாராவது சொன்னால், எந்தக் கவிதை என்று கேளுங்கள்.

அவள் துயரத்தை எழுதாதீர்கள் என்று சொல்லவில்லை. படகு திரும்பவில்லையே என்ற துயரத்துக்கு ஈராயிரம் ஆண்டுகளாக இடம் கொடுத்துவிட்டோம். இந்த ஏரியில் எனக்கு ஏன் பாடு இல்லை என்ற கேள்விக்கு ஒரு திணையிலும் இடமில்லை. அதை உரிப்பொருளாக வைத்து எழுதுங்கள். நடை தானாக மாறும்.