குயவர் கலைஞராக நூறாண்டு ஆக வேண்டுமா?

1973இல் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினர். சுங்கத் தீர்வை அட்டவணையின் 7101ஆம் தலைப்பு, இயற்கை முத்தையும் வளர்ப்பு முத்தையும் வெவ்வேறு குறியீடுகளில் வைத்திருக்கிறது. ஐயம் எழுந்தால் எக்ஸ்ரே படம் தீர்த்து வைக்கும். முத்துக்கு வாய்த்த இந்த உறுதி சுட்ட மண்ணுக்கு வாய்க்கவில்லை. அங்கே அட்டவணை பொருளைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அதைச் செய்தவர் யார் என்று பார்க்கிறது. நமது வழக்கு இதுவே.

வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் வெளிநாட்டிலிருந்து இரு சுடுமண் குதிரைகள் வந்திறங்குவதாகக் கொள்வோம். ஒன்று, கலைக் கல்லூரியில் பயின்று கண்காட்சிகள் நடத்திய சிற்பி ஒருவர் செய்து கையொப்பமிட்டது. மற்றது, பரம்பரைக் குயவர் ஒருவர் செய்தது. இரண்டும் கையால் வனையப்பட்டவை. இரண்டுக்கும் மறுபடி கிடையாது. முன்னது, எப்பொருளால் ஆனதாயினும் மூலச் சிற்பங்களுக்கு உரிய 9703ஆம் தலைப்பைக் கோரலாம். பின்னது, அலங்காரப் பீங்கான் பொருள்களுக்கு உரிய 6913இல் போய் விழவே வாய்ப்பு மிகுதி. காரணம், 97ஆம் அத்தியாயத்தின் ஒரு குறிப்பு. வணிகத் தன்மை கொண்ட மரபுவழிக் கைவினைப் பொருள்கள், கலைஞரே வடிவமைத்தவையாயினும், 9703இல் சேரா என்கிறது அது.

சிற்பி தம் குதிரையை இலவசமாகவா தருகிறார்? கலைக்கூடத்தில் லட்சங்களுக்கு விற்றால் கலை, சந்தையில் ஆயிரங்களுக்கு விற்றால் வணிகம் என்பது எந்த ஊர் நியாயம்? கலைக் கல்லூரியின் பாடத்திட்டமும் ஒரு மரபுதானே?

இவ்விடத்தில் பிரான்கூசியின் வழக்கை நண்பர்கள் நினைவூட்டுவர். அவரது 'வெளியில் பறவை' வெண்கலச் சிற்பம் 1926இல் நியூயார்க்கில் இறங்கியபோது, சுங்கத்தார் அதைச் சமையலறைக் கருவிகள், மருத்துவமனைச் சாதனங்கள் என்ற இனத்தில் சேர்த்து 40 விழுக்காடு தீர்வை விதித்தனர். 1928இல் நீதிமன்றம் அதைக் கலை என்று ஏற்றது. நவீனக் கலையின் வெற்றியாக அதைக் கொண்டாடுகிறோம். ஆனால் அத்தீர்ப்பின் அடிப்படைகளுள் ஒன்று, அதைச் செய்தவர் தொழில்முறைச் சிற்பி என்பது. பறவைக்கு விடுதலை கிடைத்தது. படைத்தவரின் தகுதிச் சான்று அதன் காலில் கட்டப்பட்டது. பறவைக்கு முன்னால் நின்ற அதே கதவு இன்று குயவருக்கு முன்னால் நிற்கிறது.

2010இல் லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் ஐ வெய்வெய் 10 கோடி பீங்கான் சூரியகாந்தி விதைகளைப் பரப்பி வைத்தார். சீனாவின் பீங்கான் நகரமான ஜிங்தெஜெனில் சுமார் 1,600 கைவினைஞர்கள் அவற்றைச் செய்து வண்ணம் தீட்டினர். அக்கைகளே ஒரு தேநீர்க் கிண்ணத்துக்கு வண்ணம் தீட்டினால் அது பாத்திரம். ஐ வெய்வெயின் பெயரில் தீட்டினால் கலை. ஐ வெய்வெயின் கலைத்தகுதியை நாம் மறுக்கவில்லை. அத்தகுதி ஏன் ஒரு பெயரோடு நின்றுவிடுகிறது என்பதே நமது கேள்வி.

வேலியை எடுத்துவிட்டால் ஆலைப் பொம்மைகளெல்லாம் கலை என்ற பெயரில் நுழைந்துவிடும் என்பர். நியாயமான அச்சம்தான். ஆனால் பெருமளவில் படியெடுக்கப்பட்டவை 9703இல் சேரா என்று அதே குறிப்பு தனியே சொல்லிவிட்டது. ஆலைக்கு அந்த வேலி போதும். மரபுவழிக் கைவினை என்ற இரண்டாம் வேலி யாரைத் தடுக்கப் போடப்பட்டது?

இது காசைப் பற்றிய சண்டையன்று. தீர்வை விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும்; பெயர் நிலைக்கும். அருங்காட்சியகக் காட்சிக்கென வரும் கலைப்படைப்புகளுக்கு 2011இன் அறிவிக்கை ஒன்று தீர்வை விலக்கு அளித்தது. அத்தகைய வாசல்கள் கலை என்று பெயர் பெற்றவற்றுக்கே திறக்கும்.

சுங்க அதிகாரியை மட்டும் குற்றஞ்சாட்டி நாம் தப்பிவிட முடியாது. வெண்கலத் திருமேனியைக் கலை என்றும், ஐயனார் கோயில் மண்குதிரையைக் கைவினை என்றும் எழுதிப் பழகியவர்கள் நாம்தாம். புறநானூற்றின் 256ஆம் பாடலில் கணவனை இழந்த பெண் ஒருத்தி, தாழியைத் தனக்கும் இடமிருக்குமாறு அகலமாக வனையக் குயவரிடம் வேண்டுகிறாள். பாடலைப் பாடம் நடத்துகிறோம். பாடல் யாரை விளிக்கிறதோ, அவரை மறந்துவிடுகிறோம்.

1876இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் ஆதிச்சநல்லூரிலிருந்து தொல்பொருள்களைப் பெர்லினுக்குக் கொண்டுசென்றார். அத்தகைய ஒரு தாழி நாளை இத்துறைமுகத்தில் வந்திறங்கினால், அதற்கு 97ஆம் அத்தியாயத்தில் தடையின்றி இடமுண்டு. நூறாண்டு கடந்த பழம்பொருள்களுக்கென்றே அங்கே 9706ஆம் தலைப்பு இருக்கிறது. ஆக, குயவர் செத்து, அவர் பெயரும் மறைந்து, நூறாண்டு ஆன பின்பே அவர் கைவேலைக்கு அவ்வீட்டில் பாய் விரிப்பார்கள்.

இக்குறிப்பை இந்தியா தனியாகத் திருத்த இயலாது. அது பிரஸ்ஸல்ஸில் உள்ள உலகச் சுங்க அமைப்பின் பொது அட்டவணைக்கு உரியது. அதன் அடுத்த பதிப்பு 2028 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வருகிறது. அதற்கடுத்த திருத்தத்துக்கேனும் உறுப்பு நாடான இந்தியா, 'மரபுவழிக் கைவினை' என்ற சொற்களை நீக்கக் கோர வேண்டும். அதுவரை, ஐயத்துக்குரிய சுடுமண் படைப்பைச் செய்தவரின் சான்றிதழைக் கொண்டு அளக்காமல், படைப்பைக் கொண்டே அளக்க வேண்டும் என மத்திய மறைமுக வரிகள் வாரியம் அறிவுறுத்தட்டும்.

முத்தைச் சோதிக்கையில் மூழ்கி எடுத்தவரின் குலத்தை எவரும் கேட்பதில்லை. மண்ணைச் சோதிக்கையில் மட்டும் ஏன் கேட்கிறோம்?