கட்டம் போட்ட திரைக்கு முன்னால்

பழுப்பேறிய அந்தப் படத்தில், கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் நிறைந்த திரைக்கு முன் பழங்குடி வேடத்தில் ஒரு பெண் நிற்கிறார். நூறாண்டுக்கு முந்தைய படம் என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மையில் அவர் பெங்களூரைச் சேர்ந்த கலைஞர் புஷ்பமாலா என். 2000 முதல் 2004 வரை அவரும், அந்நகரில் வாழும் ஒளிப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியும் சேர்ந்து ‘தென்னிந்தியாவின் சுதேசிப் பெண்கள்: பழக்கவழக்கங்கள்’ என்ற வரிசையை உருவாக்கினார்கள். அதில் ஒன்று இது.

இதே புஷ்பமாலா வேறொரு படத்தில் ரவிவர்மா 1889-ல் தீட்டிய நிலவொளி நங்கை. இன்னொன்றில் வேளாங்கண்ணி மாதா. மற்றொன்றில், பழைய தமிழ்ப் படக் காட்சி ஒன்றில் சாட்டையோடு தோன்றும் ஜெயலலிதா. திருட்டு வழக்கில் கைதான பெண்களின் பத்திரிகைப் படத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை.

முகத்தைப் பார்த்தே ஆளை எடைபோட்டுவிடலாம் என்பது நம்மிடம் ஊறிப்போன நம்பிக்கை. இந்த வரிசை அதை உடைக்கிறது. எல்லாப் படங்களிலும் இருப்பது ஒரே மூக்கு, ஒரே கண்கள். மாறுவதெல்லாம் பின்னணித் திரை, வெளிச்சம் விழும் திசை, உடை, கையில் உள்ள பொருள் ஆகியவைதான். இவற்றை மாற்றினாலே தேவி திருடியாகிறாள். அப்படியானால் ‘குற்றவாளியின் முகம்’, ‘காட்டுவாசியின் முகம்’ என்று நாம் நம்பியவை முகத்தில் இருந்ததே இல்லை.

அந்தக் கட்டம் போட்ட திரைக்கு ஒரு வரலாறு உண்டு. 1869-ல் ஜான் லாம்ப்ரே என்பவர், மனித உடல்களை ஒப்பிட ஒரு வழி சொன்னார். மரச்சட்டத்தில் பட்டு நூலால் இரண்டு அங்குலச் சதுரங்கள் கட்டி, அதன் முன் ஆளை நிர்வாணமாக நிறுத்திப் படமெடுப்பதே அந்த வழி. 1890-களில் அந்தமானில் மாரிஸ் போர்ட்மன் என்ற அதிகாரி அங்குள்ள மக்களைக் கட்டத்திரையின் முன் நிறுத்தினார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன், கேமராவோடு அளவுகோலையும் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். மூக்கின் அகலத்தை அளந்து, அதைச் சாதியோடு பொருத்திப் பார்த்த காலம் அது. 1909-ல் ஏழு தொகுதிகளாக வந்த தன் நூலின் முன்னுரையில் அவரே ஒரு செய்தியைப் பதிவு செய்கிறார். தங்களில் சிலரைப் பாடம் செய்து அருங்காட்சியகத்தில் வைக்கப்போகிறார் என்று அஞ்சி, வயநாட்டின் பணியர் பெண்கள் அவரைக் கண்டதும் ஓடினார்களாம். அதை அவர் வேடிக்கைபோலச் சொல்கிறார். அந்தப் பெண்களின் அச்சம் தவறானது என்று எனக்குத் தோன்றவில்லை. உயிருள்ள மனிதரை மாதிரிப் பொருளாகப் பார்க்கும் கண்ணை அவர்கள் சரியாகவே இனம் கண்டிருக்கிறார்கள்.

புஷ்பமாலாவிடம் ஒரு கேள்வியும் கேட்க வேண்டியிருக்கிறது. படப்பிடிப்பு முடிந்ததும் அவர் வேடத்தைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். போர்ட்மன் முன் நின்றவருக்கு அந்த வழி இல்லை. படித்த நகரத்துக் கலைஞர் பழங்குடிப் பெண்ணின் தோலை அணிந்துகொள்வது இன்னொரு வகைப் பறிப்பு ஆகாதா? ஆகக்கூடும். தயாரிப்பின் திரைமறைவுக் காட்சிகளையும் அவர் சேர்த்தே காட்டுவது அந்த உறுத்தலைக் குறைக்கிறது, முழுதாகப் போக்கவில்லை.

இந்த இடத்தில், தன்னையே படமெடுத்த இன்னொரு ஒளிப்படக் கலைஞரான சாமுவேல் ஃபோசோவின் பாதை வேறு. நைஜீரியாவின் பியாஃப்ரா உள்நாட்டுப் போரில் உயிர்தப்பி, பின்னர் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் பாங்கிக்கு வந்து சேர்ந்த சிறுவன் அவர். 1975-ல், 13 வயதில் ஒளிப்பட ஸ்டுடியோ திறந்தார். வாடிக்கையாளர் போனபின் ஃபிலிம் சுருளில் மிஞ்சியதில் தன்னையே எடுத்து, நைஜீரியாவில் இருந்த பாட்டிக்கு அனுப்பினார். அகதிச் சிறுவன் என்றால் இரக்கத்துக்குரிய முகம் என்பதுதான் உலகம் வைத்திருக்கும் அச்சு. அவரோ கறுப்புக் கண்ணாடியும் நவநாகரிக உடையுமாக நின்றார். எப்படித் தெரிய வேண்டும் என்ற முடிவு அவருடையது.

அந்த முடிவைத் தாங்களே எடுக்க முடியாதவர்களின் தர்ஸ்டன் காலத்துப் படங்கள் இன்று ‘அந்தக் காலத் தமிழகம்’ என்ற தலைப்பில் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. ‘ஒரு பழங்குடிப் பெண்’ என்ற குறிப்பு மட்டும் கூடவே வருகிறது. நூல்களும் கண்காட்சிகளும் இந்தப் படங்களை எடுத்தாளும்போது, யார் எடுத்தது, எந்த அளவீட்டுக்காக எடுத்தது என்பதையாவது சொல்ல வேண்டும். கனடாவில் 2000-களின் தொடக்கத்தில், தேசிய ஆவணக் காப்பகத்தின் பெயர் குறிக்கப்படாத இனுயிட் பழங்குடியினரின் படங்களை அம்மக்களின் மூத்தோரிடமே கொண்டுபோய்க் காட்டத் தொடங்கினார்கள். இது என் அத்தை, இது பக்கத்துக் கூடாரத்தவர் என்று அவர்கள் சொல்லச் சொல்ல, ஏராளமானோருக்குப் பெயர் திரும்பக் கிடைத்தது. நீலகிரி, வயநாட்டுப் பழங்குடிச் சமூகங்களிடமும் அதைச் செய்ய முடியும். நூறாண்டு கடந்துவிட்டதால் எல்லோருக்கும் பெயர் கிடைக்காது. ஆனாலும், எந்தப் படம் பொதுவில் இருக்கலாம், எது கூடாது என்று முடிவுசெய்யும் உரிமை அந்தச் சமூகங்களுக்கு உண்டு. எடுத்துவிடுங்கள் என்று அவர்கள் சொன்னால், எடுத்துவிடத்தான் வேண்டும்.