நத்தார்க் கைப்பணியும் ஒரு துண்டுக் காணியும்

நத்தார் நெருங்கும்போது பனையோலை நட்சத்திரம், பாலன் குடில், வாழ்த்து மட்டை, வெட்டுத்துணிகளைப் பொருத்தித் தைத்த மேசை விரிப்பு எனப் பலவும் எமது பெண்களின் கைகளில் உருவாவது வழக்கம். விற்பனைச் சந்தையும் நடக்கும். நல்ல மனம் கொண்டோர் வாங்கியும் செல்வர். ஆயினும் இரக்கத்தால் வாங்குபவர் மார்கழி 25 உடன் வாங்குவதை நிறுத்திவிடுவார். கைக்கு வந்த பணமும் பண்டிகைச் செலவோடு போய்விடும். காணியை இழந்த விவசாயக் குடும்பத்துக்கு இது போதுமா? போதாது என்பதே எமது கருத்து. கைப்பணியால் வரும் வருமானம் மீண்டும் நிலத்தில் காலூன்றுவதற்கான முதலாக வேண்டும்.

இது வெறும் ஆசை அன்று. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், வில்கொக்ஸ் மாவட்டத்தில், ஏழை விவசாயப் பெண்கள் இதைச் செய்து காட்டினர். இவர்கள் கறுப்பின மக்கள். பலர் பிறருடைய நிலத்தில் வாரத்துக்குப் பருத்தி செய்தவர்கள். தேய்ந்துபோன வேலை உடுப்புகளையும் மாவுச் சாக்குகளையும் வெட்டிப் பொருத்தி, நடுவே பஞ்சு வைத்து, அடியில் வேறு துணி கொடுத்து, மூன்றையும் ஊடுருவித் தைத்துப் போர்வையாக்கினர். குளிரிலிருந்து பிள்ளைகளைக் காக்கவே தாய்மார் இதைத் தம் பெண்மக்களுக்குப் பழக்கினர்.

1965ஆம் ஆண்டளவில் இம்மக்கள் வாக்குரிமைக்காகப் பதியத் தொடங்கியபோது, நில உடைமையாளர் சிலர் அவர்களைக் குடியிருப்புகளிலிருந்து வெளியேற்றினர். அவ்வாண்டு மார்கழியில் அவ்வழியே சென்ற பிரான்சிஸ் வோல்டர் என்னும் குருவானவர், கொடியில் காய்ந்த போர்வைகளைக் கண்டார். ஒன்றுக்குப் பத்து டொலர் கொடுத்து வாங்கி, நியூயோர்க்கில் ஏலத்தில் விற்க ஏற்பாடு செய்தார். 1966 பங்குனியில் பெண்கள் கூடித் தங்களுக்கென ஒரு கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தனர். பின்னர் அச்சங்கம் 23 ஏக்கர் காணி வாங்கியது. அதில் தையல் நிலையம் ஒன்று 1969இல் எழுந்தது. வெளியேற்றப்பட்ட எட்டுக் குடும்பங்களுக்கு அக்காணியிலிருந்தே துண்டுகள் விற்கப்பட்டன. சங்கம் 2012இல் மூடப்பட்டது. ஆயினும் ஊசியும் நூலும் குடியிருக்க நிலம் தேடிக் கொடுத்தன என்பது வரலாறு.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, அவர்கள் தாய்மாரிடம் கற்றதையே விற்றனர். எம்மிடமும் அத்தகைய அறிவு உண்டு. கடகமும் பெட்டியும் இழைக்கத் தெரிந்த அம்மம்மா இருக்கும்போது, எங்கோ பார்த்த பொம்மையைப் பார்த்துச் செய்ய வேண்டியதில்லை. நத்தாருக்கு நட்சத்திரம் செய்யும் அதே கை, ஆண்டு முழுவதும் விலைபோகும் பெட்டியையும் படுக்கை விரிப்பையும் செய்யட்டும்.

இரண்டாவது, சங்கம் அவர்களுடையதாக இருந்தது. கணக்குப் புத்தகம் எமது பெண்களின் கையில் இருக்க வேண்டும். விலையையும் அவர்களே தீர்மானிக்க வேண்டும். ஒரு விரிப்புத் தைக்க மூன்று நாள் சென்றால், மூன்று நாள் களை பிடுங்கப் போனால் கிடைக்கும் கூலியோடு துணி, நூல் செலவையும் கூட்டிப் பாருங்கள். அதற்குக் குறைத்து விற்பவர் வாங்குபவருக்கு அன்பளிப்புச் செய்கிறார். ஏழை பணக்காரருக்குக் கொடுக்கும் நத்தார்ப் பரிசு அது!

மூன்றாவது, அவர்கள் நிலத்தை மறக்கவில்லை. விற்பனையில் ஒரு பங்கை, சிறிதாயினும், குழுவின் பெயரில் சேமியுங்கள். சொந்தக் காணிக்குத் திரும்பும் நாளில் வேலி அடைக்கவும், கிணறு இறைக்கவும், விதைநெல் வாங்கவும் பணம் வேண்டும். திரும்ப வழியில்லாதவருக்கு ஒரு துண்டுக் காணி வாங்க வேண்டும்.

காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். நத்தார் வருவது மாரி மழையில். அப்போது ஓலை காயாது, பூஞ்சணம் பிடிக்கும். குருத்தோலையை ஆடி, ஆவணி வெயிலிலேயே காயவைத்துக் கட்டி வையுங்கள். வெட்டுத்துணிகளையும் அப்போதே தோய்த்துச் சாயம் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தோய்க்காத பருத்தித் துணியை நைலோனுடன் சேர்த்துத் தைத்தால், முதல் தோய்ச்சலிலேயே ஒன்று சுருங்கி மற்றது தொங்கும். அந்த விரிப்பை வாங்கியவர் மறுமுறை வரமாட்டார்.

பிள்ளைகளுக்குப் புத்துடுப்பும் பலகாரமும் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பண்டிகை பண்டிகையாகவே இருக்கட்டும். ஆனால் பத்து நட்சத்திரம் விற்றால் இரண்டின் விலையாவது காணிக் கணக்கில் விழட்டும். சத்திரத்தில் இடமில்லாமல் தொழுவத்தில் பிறந்த பாலனின் விழாவை, இடமின்றி வாழும் குடும்பங்கள் அதைவிடப் பொருத்தமாகக் கொண்டாட முடியாது.