உயிரியல் பட்டம் நல்லதா?

மகளை விலங்கியலில் சேர்க்கலாமா, தாவரவியலில் சேர்க்கலாமா என்று யோசிக்கும் பெற்றோரே! கல்லூரிக் கட்டடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம்.

வேலூர் வட்டாரத்துக்கென்று 2002-ல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்தது. நம் பக்கத்துக் கல்லூரிகளில் இந்தப் படிப்புகள் உண்டு. ஜவ்வாது மலையடியில் அமிர்திக் காடு இருக்கிறது. ஆம்பூர்ப் பக்கம் பாலாறு இருக்கிறது. தோல் ஆலைக் கழிவு அந்த ஆற்றைக் கெடுத்ததென்று 1996-ல் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புச் சொன்னது.

காடும் ஆறும் கண்ணெதிரே இருக்க, படத்தில் மட்டும் பார்த்துப் பட்டம் வாங்கினால் என்ன பயன்? மரத்தை மரமென்று அறிய வேண்டும். கிணற்று நீரைச் சோதித்து ஊருக்குச் சொல்ல வேண்டும். அதுவே உயிரியல் படிப்பு.

சேர்க்கும் முன் கேளுங்கள்: "மூன்று ஆண்டில் எத்தனை நாள் காட்டுக்கும் ஆற்றுக்கும் அழைத்துப் போவீர்கள்?" பதில் சொல்லத் தயங்கினால் வேறு கல்லூரி பாருங்கள்!