விசில் அடித்த இடம்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தியேட்டருக்குப் போனால் அவ்வப்போது திரையை விட்டுவிட்டுத் திரும்பி ஜனங்களைப் பார்ப்பேன். "சார், படம் அந்தப் பக்கம் ஓடுது" என்று பின்ஸீட்டு ஆசாமிகள் பலமுறை அதட்டியிருக்கிறார்கள். ஆனாலும் விட்டபாடில்லை. எங்கே சிரிக்கிறார்கள், எங்கே விசிலடிக்கிறார்கள், எங்கே சட்டென்று முறுக்கு வாங்க எழுந்து போகிறார்கள் என்று கவனித்தால் போதும். படம் புரியாவிட்டாலும் பார்க்கிறவர்களைப் புரிந்துகொண்டுவிடலாம். அதிலும் பெண்ணுரிமை பேசுகிற படமாக இருந்துவிட்டால், நம் ஆண் வர்க்கத்தின் எக்ஸ்-ரேயை அங்கேயே எடுத்துவிடலாம்.

அந்த எக்ஸ்-ரேயில் என் எலும்பும் தெரியும் என்பது எனக்கு ரொம்ப லேட்டாகத்தான் புரிந்தது.

* * *

முதலில், பார்ப்பதற்கு முன்னால் நான் காதால் கேட்ட ஒரு படம். 1984-ல் வந்த 'விதி'. காதலித்து ஏமாற்றப்பட்ட பெண் கோர்ட் படியேறி நியாயம் கேட்கிறாள். அந்தப் பெண் பூர்ணிமா ஜெயராம். அவருக்காக வாதாடும் வக்கீல் சுஜாதா. எதிர்த்தரப்பில் ஜெய்சங்கர். ஆரூர்தாஸ் வசனம். பாட்டுக் கேசட் மாதிரி வசனக் கேசட்டும் சக்கைப்போடு போட்ட காலம் அது. டீக்கடை, காதுகுத்து, கோயில் கொடை என்று எங்கே போனாலும் குழாய் ஸ்பீக்கரில் சுஜாதா குறுக்கு விசாரணை பண்ணிக்கொண்டிருப்பார்.

என் பெரியப்பா மகள் கல்யாணம். வாசலில் ரேடியோ செட்காரர் வழக்கம்போல 'விதி'யைப் போட்டுவிட்டார். உள்ளே மாப்பிள்ளை வீட்டார் அறையில் பேச்சுவார்த்தை. விஷயம் ஒரு ஸ்கூட்டர். பணம் கட்டினாலும் வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் என்று பெரியப்பா மன்றாடிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து கோர்ட் ஸீன் உச்சத்துக்குப் போனது. மாப்பிள்ளையின் தாய்மாமன் கையைத் தூக்கி எல்லோரையும் அமர்த்தினார். கண்ணை மூடிக் கேட்டார். மேல்துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"பொம்பளை மனசை என்னமா எழுதியிருக்கான்யா!" என்றார்.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த மூச்சில், "சரி, ஸ்கூட்டருக்கு என்ன முடிவு?"

அவர் போலி இல்லை, சத்தியமாக அழுதார். அந்தக் கண்ணீர் வாசல் ஸ்பீக்கருக்கு உரியது, ஸ்கூட்டர் உள் ரூமுக்கு உரியது. இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு இருந்தது, அவ்வளவுதான்.

* * *

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் செக்‌ஷனில் நாலு பேர் ஒரு செட். படம் வந்தால் முதல் வாரமே போய்விடுவோம். விஜயசாந்தி தெலுங்கில் 1990-ல் நடித்த 'கர்த்தவ்யம்', தமிழில் 'வைஜெயந்தி ஐ.பி.எஸ்.' ஆக வந்தது. அந்த நடிப்புக்குத் தேசிய விருதும் கிடைத்தது. அவர் போலீஸ் உடுப்பில் ரவுடிகளைத் துவைத்து எடுக்க, நாங்கள் நாலு பேரும் ஸீட் மேல் ஏறாத குறை. "பொம்பளைன்னா இப்படி இருக்கணும்டா!"

1992 பொங்கலுக்கு 'மன்னன்' வந்தது. ஆபீஸில் ஆளுக்கொரு பொய் சொல்லிவிட்டுப் போனோம். (அந்தப் படத்திலேயே ரஜினியும் கவுண்டமணியும் பொய் சொல்லிவிட்டுத்தான் சினிமாவுக்குப் போவார்கள் என்பதில் எங்களுக்குக் கூடுதல் ஆறுதல்.) அதே விஜயசாந்தி. இந்தத் தடவை பெரிய தொழிலதிபர், முதலாளியம்மா. ரஜினி அவர் கன்னத்தில் அறைந்தபோது தியேட்டர் கூரை பிய்த்துக்கொண்டு போனது. கடைசியில் அம்மணி கம்பெனியை விட்டுவிட்டு, கணவனை வேலைக்கு அனுப்பிவைக்கும் இல்லத்தரசியாகிறார். மறுபடி விசில். இந்த விசிலில் என்னுடையதும் உண்டு. இரண்டு விரலை வாயில் வைத்து அடிப்பதில் நான் கெட்டிக்காரன்.

அவர் அடித்தபோதும் விசில். அவரை அடித்தபோதும் விசில். இது என்ன கணக்கு என்று அன்றைக்கு யோசிக்கவில்லை. இப்போது யோசித்தால் கணக்கு சுலபமாகத்தான் இருக்கிறது. ரவுடியை அடிக்கிற பெண்ணால் நமக்கு ஒரு நஷ்டமும் இல்லை, ஏனென்றால் நாம் ரவுடி இல்லையே! ஆனால் முதலாளி நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்தால், எதிரே கைகட்டி நிற்கவேண்டியது நாம். அதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

* * *

1994-ல் 'மகளிர் மட்டும்' வந்தது. கமல் தயாரிப்பு, சிங்கீதம் சீனிவாசராவ் டைரக்‌ஷன், கிரேஸி மோகன் வசனம். 1980-ல் ஜேன் ஃபோண்டா நடித்து வந்த 'நைன் டு ஃபைவ்' என்ற ஆங்கிலப் படத்தின் பாதிப்பில் எடுத்தது. கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்களிடம் கையும் வாயும் சும்மா இல்லாத மேலதிகாரி நாசர். ரேவதி, ஊர்வசி, ரோகிணி மூவரும் சேர்ந்து அவரைக் கட்டிப்போட்டுப் பாடம் கற்பிக்கிறார்கள். நடுவில் பிணமாக நாகேஷ். ஒரு வார்த்தை பேசாமல் அத்தனை பேரையும் வயிறு குலுங்கச் சிரிக்கவைத்தார்.

எங்கள் செக்‌ஷனே கும்பலாகப் போனது. லேடீஸும் வந்தார்கள். அன்றைக்கும் நான் என் வழக்கப்படி திரும்பிப் பார்த்தேன். ஒரே தியேட்டரில் இரண்டு சிரிப்பு கேட்டது. நாசர் வழியும்போதெல்லாம் நாங்கள் சிரித்தோம். நாசர் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் அவர்கள் சிரித்தார்கள்.

அந்தக் கும்பலில் எங்கள் ஸ்டெனோ அம்மாவும் இருந்தார். பெயர் வேண்டாம். எங்கள் ஆபீஸில் ஒரு பெரிய அதிகாரி. சாயந்திரம் ஐந்தரைக்கு மேல்தான் அவருக்கு டிக்டேஷன் கொடுக்கத் தோன்றும். டைப் அடிக்கும்போது நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, தோளுக்கு மேல் குனிந்து, எழுத்துப் பிழை தேடுவார். புடவையைப் பற்றி ஜோக் அடிப்பார். நாங்கள் சிரிப்போம். ஜோக் நன்றாக இருந்ததால் அல்ல. எங்கள் சி.ஆர். எழுதுவது அவர் கை. இன்க்ரிமெண்ட், ப்ரமோஷன் எல்லாம் அந்தப் பேனாவில்தான் இருந்தது.

படத்துக்குப் போவதற்கு ஒரு மாதம் முன்னால் அந்த அம்மா ஒரு காகிதத்தை நாலாக மடித்துக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். ஹெட் ஆபீஸுக்கு எழுதிய புகார். "சார், நீங்க பக்கத்து டேபிள்லதானே இருக்கீங்க. எல்லாத்தையும் பார்த்திருக்கீங்க. சாட்சியா ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க."

நான் நாலு பக்கமும் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் புத்தி சொன்னேன். "எதுக்கு மேடம் வம்பு? பேசாம ட்ரான்ஸ்ஃபர் கேட்டுட்டுப் போயிடுங்களேன்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. காகிதத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

'மகளிர் மட்டும்' இடைவேளையில் எல்லோருக்கும் கோன் ஐஸ் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். "படம் எப்படி மேடம்? சூப்பர் இல்லே?" என்று அவரிடம் நீட்டினேன்.

"நல்லா இருக்கு சார். நாசர் பண்றதுக்கெல்லாம் எல்லாரும் சிரிச்சீங்க. நம்ம ஆபீஸ்லயும் இதே இடத்துலதான் சிரிச்சீங்க."

ஐஸ்கிரீம் என் கையில் உருகி வழிந்தது. இடைவேளைக்குப் பின் என்ன ஓடியது என்று எனக்கு ஞாபகம் இல்லை.

இரண்டு மாதத்தில் அவருக்கு ட்ரான்ஸ்ஃபர் கிடைத்தது. பிரிவு உபசாரக் கூட்டத்தில் எங்கள் செலவில் ஒரு ஃப்ளாஸ்க் பரிசு. வாழ்த்திப் பேசியவர் யார் தெரியுமா? அதே அதிகாரி. "நல்ல பொண்ணு, கொஞ்சம் கோபக்காரி" என்றார். கைதட்டினோம்.

அதற்கப்புறம் 1997-ல் சுப்ரீம் கோர்ட் விசாகா வழக்கில், வேலை செய்யும் இடத்தில் பெண்களுக்குப் பாலியல் தொல்லை கூடாது என்று நெறிமுறைகள் வகுத்தது. 2013-ல் அதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார் கமிட்டி கட்டாயம். ரொம்ப நல்லது. ஆனால் இதைப் படிக்கும் இளம் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. கமிட்டி கூடி உட்கார்ந்தால் முதலில் என்ன கேட்கும்? "யாராவது பார்த்தார்களா?" என்றுதான் கேட்கும். அப்போது பக்கத்து மேஜைக்காரன் வாயைத் திறக்க வேண்டும். சட்டம் எத்தனை வந்தாலும் அந்த வாய் உங்களுடையது.

* * *

கைதட்ட இடமே வைக்காமல் எடுத்த படங்களும் உண்டு. அவைதான் ஆபத்தானவை. 1978 தீபாவளிக்கு வந்த ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்' படத்தை நான் பல வருஷம் கழித்து வி.சி.ஆரில்தான் பார்த்தேன். பெண்களைப் பற்றி மனதில் பட்டதை ஒளிக்காமல் சொல்லும் ரஜினி மோசமானவர் என்று உடனே தெரிந்துவிடுகிறது. பெண் விடுதலையைப் பற்றி டாகுமெண்டரி எடுக்கிற கமல்தான் சங்கடப்படுத்துகிறார். ஸ்ரீப்ரியாவின் மஞ்சுவைப் புரிந்துகொள்ள அத்தனை பாடுபட்டுவிட்டு, கடைசியில் பெண் விடுதலை பற்றி ஒன்றும் தெரியாத ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். வில்லனைப் பார்த்துத் திட்டலாம். கமலை எப்படித் திட்டுவது? அவர் நம் ஜாடையில் அல்லவா இருக்கிறார்! வந்த புதிதில் ஓடவில்லை. இன்றைக்குத் தமிழின் சிறந்த படங்களைப் பட்டியல் போட்டால் அதுவும் வருகிறது.

அந்த வகையில் இன்னொன்று, 2021 ஜனவரியில் வந்த மலையாளப் படம் 'த கிரேட் இந்தியன் கிச்சன்'. ஜியோ பேபி எடுத்தது. 2023-ல் ஐஸ்வர்யா ராஜேஷ் நடிக்கத் தமிழிலும் வந்தது. புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் நிமிஷா சஜயன். அவள் கேரக்டருக்கு ஒரு பெயர்கூடக் கிடையாது. சமையல், பாத்திரம், துடைப்பது, மறுபடி சமையல். மாமனாருக்குச் சோறு விறகடுப்பில்தான் வேகவேண்டும். சிங்க் பைப் ஒழுகுகிறது. பிளம்பரைக் கூப்பிடச் சொல்லிக் கணவனிடம் சொல்கிறாள், சொல்கிறாள், சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அவன் பொல்லாதவன் இல்லை. அவனுக்கு அது ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் பையன் டி.வி.யில் போட்டுக் கொடுத்தான். நானும் மனைவியும் உட்கார்ந்தோம். பத்து நிமிஷத்தில் குக்கர் கூப்பிட்டது, எழுந்து போனாள். திரும்பி வந்தாள். பால் பொங்கும் என்று போனாள். வந்தாள். என் அம்மாவுக்கு மாத்திரை, வெந்நீர். அப்புறம் காலைக்கு மாவு அரைக்க வேண்டும். நான் மட்டும் ஆடாமல் அசையாமல் பார்த்தேன்.

"வேணும்னா நிறுத்தி வைக்கட்டுமா?" என்றேன் பெருந்தன்மையாக.

"வேணாங்க, நீங்க பாருங்க. இதுல எனக்குத் தெரியாதது என்ன வரப்போகுது?"

படம் முடிந்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. சொந்த வீட்டில் விசிலடிக்க முடியாது. திரும்பிப் பார்க்கவும் ஜனங்கள் இல்லை. பக்கத்து நாற்காலி காலி. ஸ்டெனோ அம்மாவின் காகிதம் ஏனோ ஞாபகம் வந்தது. இந்தத் தடவையாவது ஏதாவது செய்தே தீரவேண்டும் என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிங்குக்கு அடியில் குனிந்தேன்.

"என்னங்க தேடறீங்க?"

"பைப் ஒழுகுதான்னு பார்க்கிறேன்."

கிரைண்டரை நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள்.

"பைப் நல்லாத்தாங்க இருக்கு. பாத்திரம்தான் கிடக்கு."