மலையில யார் வீட்டுக்குப் போனீங்க?

'கொடைக்கானல் போயிட்டு வந்தோம்' என்று யாராவது சொன்னால், உடனே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். 'அங்கே யாரைப் பார்த்தீங்க?'

திருதிருவென்று முழிப்பார்கள். 'யாரைப் பார்க்கிறதா? ஏரியைப் பார்த்தோம். தூண் பாறையைப் பார்த்தோம். கோக்கர்ஸ் வாக்கில் பனியைப் பார்த்தோம். குணா குகையில கூட்டத்தைப் பார்த்தோம்' என்று பட்டியல் வரும். அதில் ஒரு மனுஷன் பெயர்கூட இருக்காது. ரூம் பாய், குதிரைக்காரர், ஹோம்மேட் சாக்லேட் விற்ற அம்மா, சோளம் சுட்டுக் கொடுத்த தாத்தா... எல்லோரையும் பார்த்திருப்பார்கள். பேரம் பேசியிருப்பார்கள். பெயர் மட்டும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நம் அப்பா, தாத்தா காலத்தில் 'ஊருக்குப் போறோம்' என்றால், யாரோ ஒருத்தர் வீட்டுக்குப் போகிறோம் என்று அர்த்தம். சித்தப்பா வீடு, சிநேகிதர் வீடு, சம்பந்தி வீடு. கையில் பழமும் பிஸ்கட் பாக்கெட்டும் இருக்கும். போன இடத்தில் தண்ணீர் கஷ்டம் என்றால், நாமும் ஒரு வாளியில் குளியலை முடித்துக்கொள்வோம். சத்தம் போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பாரோ என்று குழந்தைகளை அடக்குவோம். இன்று ஊர் இருக்கிறது, வீடு இல்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி காரை எடுக்கிறோம். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறுகிறோம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி இறங்குகிறோம். நடுவில் நாற்பது மணி நேரம் ஓர் ஊரையே வாடகைக்கு எடுத்ததாக நினைத்துக்கொள்கிறோம்.

என் குற்றச்சாட்டு இதுதான். விருந்தாளியாகப் போக வேண்டிய ஊருக்கு நாம் வாடிக்கையாளராகப் போகிறோம். கொடைக்கானலுக்குக் கூட்டத்தைவிடப் பெரிய வியாதி இது.

'விருந்து' என்ற சொல்லுக்கே தொல்காப்பியத்தில் புதுமை என்றுதான் பொருள். புதிதாக வந்தவர் விருந்தினர். வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கிவிட்டார். பத்து குறளும் சோறு போடுகிறவருக்குத்தான். சாப்பிட வந்தவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தனியாக ஓர் அதிகாரம் கிடையாது. தேவைப்படவில்லை போலிருக்கிறது. அந்தக் குறையைப் பழமொழி தீர்த்து வைத்தது. விருந்தும் மருந்தும் மூன்று நாள்! வெள்ளி, சனி, ஞாயிறு... கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. நடத்தையில்தான் உதைக்கிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு வேலையாக ஜெர்மனி போயிருந்தேன். அங்கே புதிதாகப் பழக்கமான ஒரு தம்பதி, ஒரு சனி, ஞாயிறுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். ஊர் ஃப்ரைபுர்க். பிளாக் ஃபாரஸ்ட் மலைக்காட்டின் அடிவாரம். நமக்கு பிளாக் ஃபாரஸ்ட் என்றால் பேக்கரி கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேக். அவர்களுக்கு அது ஒரு காடு. வாரக் கடைசியில் எல்லோரும் கிளம்பிப் போகிற மலை. அவர்களுடைய கொடைக்கானல் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

போனதும் காபி கொடுத்தார்கள். கையோடு வீட்டுச் சட்டத்தையும் கொடுத்தார்கள். காகிதம் இந்தத் தொட்டி, காய்கறித் தோல் அந்தத் தொட்டி. தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் போடாதே. 25 சென்ட் டெபாசிட் இருக்கிறது, கடையில் திருப்பிக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். (2003லிருந்து அங்கே இதுதான் சட்டம்.) ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, சத்தமும் கிடையாது. காலி கண்ணாடி பாட்டிலைத் தெருத் தொட்டியில் போடுவதைக்கூட திங்கட்கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள். 'டமால்' என்று சத்தம் வருமாம்! ஞாயிறு ஓய்வு நாள் என்பது அவர்கள் அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது.

மலைக்குப் போனோம். வாசலில் கார் நின்றுகொண்டிருந்தது; அதைத் தொடவில்லை. டிராம், பஸ், அப்புறம் 1930லிருந்து ஓடுகிற ஒரு ரோப் கார். மலை பெயர் ஷௌயின்ஸ்லாண்ட். அந்த மலைச் சாலையில் கோடை காலத்து வாரக் கடைசி நாட்களில் மோட்டார் சைக்கிளுக்குத் தடை. மலை கிராமத்துக்காரர்கள் காது வலிக்காமல் இருக்க வேண்டுமே! அந்தக் காட்டுப் பக்கத்துப் பல ஊர்களில் ராத்தங்கும் விருந்தாளியிடம் ஒரு வரி வாங்குகிறார்கள். பதிலுக்கு ஓர் அட்டை தருகிறார்கள். அதைக் காட்டினால் அந்த மலைப் பகுதி முழுக்க பஸ்ஸிலும் உள்ளூர் ரயிலிலும் இலவசமாகப் போகலாம். வரி வாங்கின கையாலேயே, 'காரை நிறுத்திட்டு வா' என்று கதவையும் திறந்து விடுகிறார்கள்.

'ஆரம்பிச்சுட்டாருய்யா... வெள்ளைக்காரன் ஒழுங்கு, நம்மாளு மோசம்னு' என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. அவசரப்படாதீர்கள். அதே ஜெர்மன்காரர் ஸ்பெயினில் இருக்கும் மயோர்க்கா தீவுக்கு லீவுக்குப் போனால் என்ன செய்கிறார் என்று ஐரோப்பாவில் யாரையாவது கேளுங்கள். கடற்கரையில் விடிய விடியக் குடி, கூத்து, கூச்சல். அதற்கென்றே பெயர் போன ஒரு கடற்கரைப் பகுதி அங்கே இருக்கிறது. 2024ல் அந்தத் தீவுக்காரர்கள் ஆயிரக்கணக்கில் தெருவில் இறங்கி, 'போதும்டா சாமி உங்க டூரிசம்' என்று ஊர்வலம் போனார்கள்.

ஆக, ஒழுங்கு ரத்தத்தில் இல்லை. சொந்த ஊரில், தெரிந்த முகங்களுக்கு நடுவே அவர் மனுஷன். காசு கொடுத்து வாங்கிய தீவில் அவர் வாடிக்கையாளர். நான் ஃப்ரைபுர்க்கில் தொட்டி பார்த்துக் குப்பை போட்டதும் என் உயர்ந்த குணத்தால் அல்ல. நாளைக் காலை அந்த அம்மா முகத்தில் விழிக்க வேண்டுமே என்ற கூச்சத்தால். கூச்சம்தான் சார் நாகரிகத்தின் அஸ்திவாரம். கொடைக்கானலில் நமக்கு யார் முகத்திலும் விழிக்க வேண்டியதில்லை. அதனால் கூச்சமும் இல்லை.

கணக்குக்கு வருவோம். கொடைக்கானல் நகராட்சியின் மக்கள்தொகை 2011 சென்ஸஸ்படி 36,501. கூட்டம் தாங்காமல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2024 மே 7 முதல் இ-பாஸ் முறையைக் கொண்டுவர வைத்தது. 2025 கோடை சீசனுக்கு இன்னும் கறாராக, கொடைக்கானலுக்கு சாதாரண நாளில் 4,000 வண்டி, வாரக் கடைசியில் 6,000 வண்டி என்று உச்சவரம்பும் போட்டது. 6,000 வண்டி, வண்டிக்கு ஐந்து பேர் என்றாலே 30,000 பேர். அதாவது, கட்டுப்பாடு போட்ட பிறகே, ஒரே நாளில் ஊருக்குள் இன்னொரு ஊர்! உங்கள் வீட்டில் நாலு பேர் இருக்கும்போது இன்னும் மூன்று பேர் வந்து, வாராவாரம் உங்கள் குளியலறைக்கு முன் க்யூவில் நின்றால் எப்படி இருக்கும்? அதுவும் பெயர் தெரியாத மூன்று பேர்.

இதைச் சொன்னால் ஒரு பதில் ரெடியாக வரும். 'நாங்க காசு கொடுக்கிறோம் சார். நாங்க போகலைன்னா அந்த ஊர் எப்படிப் பிழைக்கும்?'

பாதி நியாயம். அந்த ஊர் பிறந்ததே வெளியூர்க்காரர்களால்தான். 1845ல் மதுரை வெயிலும் காய்ச்சலும் தாங்காமல் அமெரிக்கப் பாதிரியார்கள் மேலே ஏறி வந்து பங்களா கட்டினார்கள். நாம் படகு விடுகிற ஏரியும் 1863ல் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் வெட்டுவித்த ஏரிதான். அதற்கெல்லாம் முன்னால் அந்தக் காட்டில் பளியர்களும் புலையர்களும் இருந்தார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை என்பது தனிக் கதை. இன்றும் சீசன் படுத்தால் குதிரைக்காரர் வீட்டில் அடுப்பு எரியாது. எனவே, 'வராதே' என்று நான் சொல்லவில்லை. ஆனால், பற்று எழுதினால் வரவும் எழுத வேண்டும் இல்லையா? நீங்கள் கொடுத்த ரூம் வாடகை திங்கட்கிழமை எந்த ஊர் பேங்க்குக்குப் போகிறது என்று பார்த்ததுண்டா? நீங்கள் விட்டுவிட்டு வந்த பிளாஸ்டிக் டம்ளர் மட்டும் நிச்சயம் கொடைக்கானலிலேயே இருக்கிறது. சோலைக்காட்டிலும் புல்வெளியிலும் சேரும் தண்ணீர்தான் ஒரு பக்கம் வைகைக்கும் இன்னொரு பக்கம் அமராவதிக்கும் இறங்குகிறது. மேலே துப்பினால் கீழே நம் தலையில்தான் விழும்.

சின்ன வாடிக்கையாளரை மட்டும் திட்டிவிட்டுப் போனால் அது அநியாயம். பெரிய வாடிக்கையாளர்கள் செய்தது இதைவிடப் பெரிசு.

1990களில் இந்த மலையில் விதியை மீறி ஏழு மாடிக்கு ஓர் ஓட்டல் எழும்பியது. பிளசன்ட் ஸ்டே என்று பெயர். அரசாங்கம் அதற்கு விதிவிலக்கும் கொடுத்தது. எதிர்த்து கோர்ட்டுக்குப் போனது பழனிமலைப் பாதுகாப்பு அமைப்பு. உயர் நீதிமன்றம் விதிவிலக்கு செல்லாது என்றது. 1995ல் உச்ச நீதிமன்றமும் கைவிரித்துவிட்டது. அதே விவகாரம் ஊழல் வழக்காகி, 2000 பிப்ரவரியில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை என்று தீர்ப்பு வந்த அன்றுதான், தர்மபுரியில் பஸ்ஸைக் கொளுத்தி கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூன்று பேரைக் கொன்றார்கள். அந்தத் தண்டனை அடுத்த வருடமே மேல்முறையீட்டில் ரத்தாகிவிட்டது. மாணவிகள் திரும்பி வரவில்லை. மலை உச்சியில் கட்டிய மாடிக்குச் சமவெளியில் கொடுத்த விலை அது.

இன்னொன்று, தெர்மாமீட்டர் ஃபேக்டரி. அமெரிக்காவில் ஓடிக்கொண்டிருந்த ஆலையைக் கழற்றி எடுத்து வந்து 1980களில் இங்கே நிறுத்தினார்கள். பின்னர் அது ஹிந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு பழைய சாமான் கடையில் கிடப்பது 2001ல் அம்பலமானது. உள்ளூர் ஜனங்கள் திரண்டார்கள், ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் கம்பெனி சமரசத்துக்கு வந்ததோ 2016ல். பதினைந்து வருடம்! அதுவும் 2015ல் ஒரு சென்னைப் பெண், சோஃபியா அஷ்ரஃப், ராப் பாட்டாகப் பாடி உலகம் முழுக்க நாற அடித்த பிறகு.

இரண்டு கதையிலும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மலைக்காக முதலில் எழுந்து நின்றவர்கள் யார்? மலையில் வீடு உள்ளவர்கள், அங்கே உறவும் நட்பும் உள்ளவர்கள். லட்சக்கணக்கில் வந்து போன நாம் எங்கே இருந்தோம்? ஏரியில் பெடல் போட்டுக்கொண்டிருந்தோம். நமக்கு அங்கே யாரையும் தெரியாது. அதனால் அங்கே என்ன நடக்கிறது என்றும் தெரியாது. நம் குப்பையைவிட ஆபத்தானது நம் அறியாமை.

இ-பாஸ் இதைத் தீர்க்குமா? தீர்க்காது. இ-பாஸ் வண்டியை எண்ணும். வந்தவர் விருந்தாளியா என்று கேட்காது. வாசலில் டோக்கன் கொடுத்துவிட்டால் வீட்டுக்காரர் கடமை முடிந்ததா? அடிவாரத்தில் பெரிய வாகன நிறுத்தம் எங்கே? அங்கிருந்து ஐந்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் எங்கே? ராத்தங்குகிறவரிடம் ஒரு தொகை வாங்கி, பஸ்ஸை இலவசமாக விடுவதற்கு என்ன ராக்கெட் விஞ்ஞானமா வேண்டும்? 2022 மே மாதம் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தர ஆரம்பித்தார்கள். அதுவும் உயர் நீதிமன்றம் பிடித்துத் தள்ளியதால்தான். குடிகாரரையே காலி பாட்டிலோடு கடைக்குத் திரும்பி வரவைத்தது அந்தப் பத்து ரூபாய். மலை ஏறும் ஒவ்வொரு பாட்டிலுக்கும், தண்ணீரோ கூல் டிரிங்க்ஸோ, அதே பத்து ரூபாயைக் கட்டிவைக்க எது தடுக்கிறது? நீதிமன்றம் சொன்னால்தான் நிர்வாகம் நடக்கும் என்றால், நிர்வாகம் எதற்கு?

நம் பங்கும் இருக்கிறது. மலை ஒரு நாளில் ஓடி முடிக்கிற பந்தயம் இல்லை. நாலு தடவை அவசரமாகப் போவதற்குப் பதில், ஒரு தடவை பஸ்ஸில் போய் மூன்று நாள் இருங்கள். பூம்பாறைக்குப் போனால் குழந்தை வேலப்பரைக் கும்பிட்டுவிட்டு, மலைப்பூண்டு விற்கிறவரிடம் விலையோடு விளைச்சலையும் விசாரியுங்கள். இந்த வருடம் மழை எப்படி, காட்டெருமை வயலுக்கு வருகிறதா, பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்... கேளுங்கள். ஊருக்குத் திரும்பிய பின் ஒரு போன் போடுங்கள். அடுத்த தடவை போகும்போது கையில் கொஞ்சம் மதுரை மல்லியோ சாத்தூர் சேவோ எடுத்துப் போங்கள். இதற்கு அரசாணை வேண்டாம், நீதிபதி வேண்டாம்.

ஒரு பெயர் தெரிந்துவிட்டால் போதும். அப்புறம் அந்தத் தெருவில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஹாரன் அடிக்கக் கை வராது. சிப்ஸ் பாக்கெட்டை ஜன்னல் வழியே எறியும்போது, 'பூண்டுக்காரர் தோட்டத்துல போய் விழுமே' என்று மனசு உறுத்தும். அடுத்த தடவை அங்கே யாராவது எட்டாவது மாடி எழுப்பினால், பேப்பரில் படித்துவிட்டு மடித்து வைக்க மாட்டீர்கள். 'நம்ம ஆளு ஊராச்சே' என்று கோபம் வரும். அந்தக் கோபம் பாதிப் பேருக்கு வந்தால் போதும், பாதி மலை பிழைத்துவிடும்.

பழனி மலையில் 2018ல் குறிஞ்சி பூத்தது. கணக்குப்படி அடுத்தது 2030. நாமெல்லோரும் கேமராவோடு கிளம்பிவிடுவோம், சந்தேகமே இல்லை. பன்னிரண்டு வருடம் காத்திருந்து பூக்கிற செடி அது. அதற்குள் அந்த மலையில் ஒரே ஒரு மனுஷரைச் சிநேகம் பிடிக்க நமக்கு நேரமில்லையா என்ன?